ஒன்பதாம் மாதமா, ஒன்பது மாதம் நிறைந்த பின்னா? – குழந்தைத் தடுப்பூசி குறித்த இணையத் தமிழில் வழுவும் தெளிவும்: கோவில்பட்டிக் கரிசல் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

குழந்தைத் தடுப்பூசி பற்றி இணையவழிக் கிடைக்கும் தமிழ்த் தகவல்கள் பெற்றோருக்கு விளங்காமற் போவதற்குக் கலைச்சொற்களின் கடுமையே காரணம் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. அக்கருத்தை இக்கட்டுரை மறுக்கிறது. காலம், இடம், விடை, மரபு ஆகியவற்றில் நேரும் சிறு பிறழ்ச்சிகளே பெரும் தடையாக உள்ளன என்பதைத் தமிழ் இலக்கண மரபின் வழுக் கோட்பாட்டைத் துணைக்கொண்டு கோவில்பட்டி சார்ந்த கரிசல் நிலத்தின் வழக்காறுகளோடு பொருத்தி நிறுவுகிறது.

குறிச்சொற்கள்: தடுப்பூசி, வழு, வழுவமைதி, கரிசல் வழக்கு, அம்மை, இணையத் தமிழ்

1. முன்னுரை

12 முதல் 23 மாத வயதுடைய குழந்தைகளுள் அடிப்படைத் தடுப்பூசிகள் அனைத்தும் போடப்பட்டோரின் விழுக்காடு, தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 2005-06இல் 80.9 ஆக இருந்தது. 2015-16இல் அது 69.7 ஆகச் சரிந்து, 2019-21இல் 89.2 ஆக உயர்ந்தது. இடையில் நேர்ந்த சரிவுக்குச் சுட்டப்படும் காரணங்களுள் ஒன்று 2008 ஏப்ரலில் நிகழ்ந்தது. திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் ஊருக்குள் வந்து ஊசி போடும் முறை நிறுத்தப்பட்டு, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் குழந்தையைக் கொண்டுசெல்ல வேண்டிய நிலை ஏற்பட்டது. ஊசி ஊருக்கு வந்த காலத்தில் எந்த நாள், எந்த இடம் என்பதைத் தாய் தெரிந்துவைத்திருக்க வேண்டிய தேவை குறைவு. செவிலியரே வீடு தேடி வந்து அழைத்துவிடுவார். தாய் ஊசியைத் தேடிச் செல்லும்போதுதான் தகவலின் மொழி முழுச் சுமையையும் ஏற்கிறது.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், கயத்தாறு என விரியும் கரிசல் நிலம் இதனை ஆராய ஏற்ற களம். வானம் பார்த்த புன்செய் வேளாண்மையும் தீப்பெட்டித் தொழிலும் இங்குள்ள பெண்களின் பகற்பொழுதை எடுத்துக்கொள்கின்றன. தமிழ்நாட்டில் அரசு நிலையங்களில் தடுப்பூசி நாள் புதன்கிழமை. கூலிக்குச் செல்பவருக்குப் புதன்கிழமை ஒருநாள் கூலி. தவறாகப் புரிந்துகொண்ட ஒரு தொடர், வீணாகிப்போன ஒரு புதனாக முடிகிறது.

இங்கு எடுத்துக்காட்டாகத் தரப்படும் தொடர்கள் குறிப்பிட்ட எந்தவொரு பக்கத்திலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல. இவ்வகைப் பனுவல்களின் தொடரமைப்பைக் காட்டும் பொருட்டு வகைமாதிரியாக அமைக்கப்பட்டவை.

2. வழுவும் வழுவமைதியும்

சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கம் சொற்கள் தம்முள் பொருந்தி நிற்கும் முறையைக் கூறுவது. அதன் உரையாசிரியர்களும் பின்வந்த நன்னூலாரும் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழுவை ஏழாக வகுத்தனர். பிறழ்ந்தும் ஏற்கத்தக்கவற்றை வழுவமைதி என அமைத்துக்கொண்டனர். கேள்வியும் விடையும் ஒன்றோடொன்று பிறழாமற் காக்கப்பட வேண்டும் எனத் தொல்காப்பியர் தனியே வலியுறுத்துவதும் நினைக்கத்தக்கது.

இங்கு ஒரு வரையறை வேண்டும். தடுப்பூசிப் பனுவல்களின் தொடர்கள் பெரும்பாலும் இலக்கணப் பிழையற்றவை. எழுவாயும் பயனிலையும் இயைகின்றன. வேற்றுமை உருபுகள் உரிய இடத்தில் உள்ளன. பிறழ்ச்சி தொடருக்குள் இல்லை. தொடருக்கும் அதைக் கேட்பவரின் வழக்குக்கும் இடையில் உள்ளது. எனவே வழு என்னும் சொல் இக்கட்டுரையில் விரிந்த பொருளில் ஆளப்படுகிறது. அவ்வாறு ஆள்வதால் கிடைக்கும் பயன், எங்கே திருத்த வேண்டும் என்பதைத் துல்லியமாகச் சுட்ட முடிவதே. ‘எளிமையாக எழுதுக’ என்னும் பொதுவான அறிவுரை அதைச் செய்வதில்லை.

3. காலம்

தட்டம்மை-ரூபெல்லாத் தடுப்பூசியின் முதல் தவணை ஒன்பது மாதம் நிறைந்த குழந்தைக்கு உரியது. இதனைத் தெரிவிக்கும் பனுவல் ‘9ஆம் மாதத்தில் போடப்படும்’ என்று எழுதினால் என்ன நேர்கிறது? தமிழில் ‘ஆம்’ என்னும் உருபு வரிசையைக் குறிப்பது. ஒன்பதாம் மாதம் என்பது எட்டு மாதம் முடிந்து நடந்துகொண்டிருக்கும் மாதம். கருவுற்றதை ‘பத்து மாதம்’ என்று எண்ணும் வழக்கில் நடப்பு மாதமும் எண்ணில் அடங்குவதே இதற்குச் சான்று. மார்ச் 12இல் பிறந்த குழந்தைக்கு ஒன்பதாம் மாதம் நவம்பர் 12இல் தொடங்கி டிசம்பர் 11இல் முடிகிறது. ஊசிக்கு உரிய காலமோ டிசம்பர் 12இல்தான் தொடங்குகிறது. எழுதியதை எழுதியவாறே நம்பி நவம்பரில் வரும் தாயை, ‘இன்னும் நாளாகவில்லை’ என்று திருப்பி அனுப்ப நேரும். அவர் பனுவலைப் பிழைபடப் படிக்கவில்லை. சரியாகப் படித்ததனாலேயே ஒருநாள் கூலியை இழக்கிறார். அதன்பின் டிசம்பரில் அவர் மீண்டும் வருவார் என்பதற்கு உறுதி இல்லை. தட்டம்மை மிக எளிதில் பரவும் நோய் என்பதையும், தாயிடமிருந்து குழந்தை பெற்ற எதிர்ப்பாற்றல் அந்த வயதளவில் குன்றிவிடும் என்பதையும் கருதினால், ஓர் உருபின் விலை தெரியவரும்.

இதனினும் நுட்பமான சிக்கல் வாரக் கணக்கில் உள்ளது. ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவலன்ட் ஊசி 6, 10, 14 வாரங்களில் போடப்படுவது. வாரக் கணக்கு மக்களுக்குப் பழக்கமற்றது என்பதால் இதனை ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதம் என்று மாற்றித் தருவது பெருவழக்கு. நோக்கம் நன்று. ஆனால் மேற்கண்ட குழந்தைக்கு 6 வாரம் ஏப்ரல் 23இலும், 10 வாரம் மே 21இலும், 14 வாரம் ஜூன் 18இலும் நிறைகின்றன. மாதக் கணக்கின்படியோ அவை ஏறத்தாழ அவ்வம்மாதத்தின் 27ஆம் நாள். வேறுபாடு நான்கு நாளில் தொடங்கி ஒன்பது நாளாக வளர்கிறது. சில நாள் தாமதத்தால் கேடில்லை எனினும், வாரத்திற்கு ஒரே நாள் ஊசி போடும் நிலையத்தில் நான்கு நாள் ஒரு வாரமாகவும் ஒன்பது நாள் இரு வாரமாகவும் நீளக்கூடும். மேலும், முதல் ஊசி தாமதமானால் அடுத்தது அன்றிலிருந்து குறைந்தது நான்கு வாரம் கழித்தே போடப்பட வேண்டும். அப்போது ‘இரண்டரை மாதம்’ என்று அட்டையில் உள்ளது அக்குழந்தையைப் பொறுத்தவரை உண்மையல்லாததாகிவிடுகிறது.

‘16 முதல் 24 மாதத்திற்குள்’ என்பது இன்னொரு வகை. வரம்பைக் கூறும் இத்தொடரில் படிப்பவர் கண் இறுதி எண்ணில் நிற்பது இயல்பு. மருத்துவத் துறைக்கு அது ‘16 மாதம் நிறைந்ததும் கொண்டுவருக, எக்காரணத்தாலோ தவறினால் 24க்குள்ளாவது’ என்று பொருள்படும். உழவுப் பணியிலும் ஆலைப் பணியிலும் உள்ளவருக்கோ ‘24 வரை பொறுக்கலாம்’ என்று பொருள்படும். புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பும் அதன்பின் களையெடுப்பும் அறுப்பும் வரும் நிலத்தில், பொறுக்கத் தகும் என்று தோன்றுவது எதுவும் பொறுக்கப்பட்டுவிடும்.

அச்சிட்ட அட்டைக்கு இச்சிக்கலைத் தீர்க்கும் வழி குறைவு. இணையத்திற்கு உண்டு. பிறந்த நாளைக் கொடுத்தால் ஒவ்வொரு தவணைக்கும் உரிய நாளைக் கணித்துத் தருவது மிக எளிய செயல். 2023 ஜனவரியில் 65 மாவட்டங்களில் வெள்ளோட்டமாகத் தொடங்கப்பட்ட யு-வின் தளம் குழந்தையின் பிறந்த நாளைப் பதிவுசெய்துகொண்டே இயங்குகிறது. தமிழ்நாட்டின் பிக்மி பதிவேடு கருவுற்ற நாள்முதலே தாயைப் பின்தொடர்வது. எனவே ‘9ஆம் மாதம்’ என்ற தொடருக்கு இணையத்தில் இடமே இருக்க வேண்டியதில்லை. ‘டிசம்பர் 12 அன்றோ அதன்பின் வரும் முதல் புதன்கிழமையோ’ என்று எழுத இயலும். ‘அடுத்த புதன்’ என்பதையும் விலக்க வேண்டும். வருகின்ற புதனா, அதற்கு மறுபுதனா என்னும் ஐயம் தமிழ் பேசுவோர் அனைவரும் அறிந்ததே.

இவற்றுக்கிடையில் மிக நன்றாக வாய்த்த சொல் ஒன்றும் உண்டு, அது ‘தவணை’. கடனுக்கும் சீட்டுக்கும் உரிய இச்சொல், நாள் குறித்துக் கட்ட வேண்டியதையும், தவறினால் முன்பு கட்டியது வீணாகாமல் விட்டதைக் கட்டித் தொடரலாம் என்பதையும் ஒருங்கே உணர்த்துகிறது. விட்டுப்போன ஊசிக்கும் விதி அதுவே. முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. இதைப் படைத்தவர் எவரெனினும், பல பக்க விளக்கத்தை ஒரே சொல்லில் மிச்சப்படுத்தியிருக்கிறார்.

4. இடம்

இலக்கணத்தில் இடம் என்பது தன்மை, முன்னிலை, படர்க்கை. ‘பெற்றோர்கள் தங்கள் குழந்தைகளுக்கு உரிய காலத்தில் தடுப்பூசி செலுத்திக்கொள்ளுமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள்’ என்னும் தொடரில் படிப்பவர் படர்க்கையில் நிற்கிறார். அறிவுறுத்துவோர் தொடரிலேயே இல்லை. செயப்பாட்டு வினை எழுவாயை விழுங்கிவிடுகிறது. யாரோ யாருக்கோ சொல்வதை ஒட்டுக்கேட்கும் நிலையில் தாய் இருக்கிறார்.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தொடங்கிய தட்டம்மை-ரூபெல்லாத் தடுப்பூசி இயக்கத்தை இந்நோக்கில் மீளப் பார்க்கலாம். ஒன்பது மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகள் அனைவருக்கும், முன்பே ஊசி போட்டிருந்தாலும், மற்றொரு தவணை போடுவது அதன் திட்டம். வாட்ஸ்அப் வழியாக அச்சமூட்டும் செய்திகள் பரவின; பெற்றோர் பலர் தயங்கினர்; பிப்ரவரி இறுதியில் முடிய வேண்டிய இயக்கம் மார்ச்சுக்கும் நீட்டிக்கப்பட்டது. வதந்தியின் ஆற்றலை அதன் பொய்யில் மட்டும் தேடுவது போதாது. எச்சரிக்கை என்னும் பேச்சுவகையே முன்னிலையில் அமைவது. ‘உங்க பிள்ளைக்குப் போட்டுறாதீங்க’ என்பதற்கு மறுமொழியாக ‘இத்தடுப்பூசி பாதுகாப்பானது என நிரூபிக்கப்பட்டுள்ளது’ என்பது வந்தால், ஒன்று முகம் பார்த்துப் பேசுகிறது, மற்றொன்று சுவரைப் பார்த்துப் பேசுகிறது. உண்மை எந்தப் பக்கம் என்பது அதற்குப் பிறகே கேட்கப்படும் கேள்வி.

1995இல் தொடங்கிய போலியோ இயக்கத்தின் மொழி இதற்கு எதிர்நிலை. ‘சொட்டு மருந்து’ என்பது கண்ணால் கண்டதைப் பெயராக்கியது. நாள் ஒன்று, வயது ஐந்துக்குள், இடம் ஊர் நடுவில் உள்ள முகாம். இந்தியாவில் 2011 ஜனவரிக்குப் பின் இயற்கையான போலியோக் கிருமியால் எவருக்கும் அந்நோய் வரவில்லை. அவ்வெற்றி மொழியால் மட்டும் வந்ததன்று என்பது வெளிப்படை. எனினும் மொழி அதற்குத் தடையாக நிற்கவில்லை.

5. மரபு: ‘அம்மை’ என்னும் சொல்

கரிசல் வழக்கில் அம்மை ‘வருவதில்லை’. அம்மை ‘வார்த்திருக்கிறது’, ‘போட்டிருக்கிறது’, அல்லது அம்மன் ‘இறங்கியிருக்கிறாள்’. கொப்புளங்கள் ‘முத்து’. தணிவது ‘தலைக்குத் தண்ணீர் விடுதல்’. அஃறிணையாகிய நோய் உயர்திணை வினைமுற்று ஏற்பது திணை வழுவமைதிக்கு உயிருள்ள சான்று. இவ்வட்டாரத்தின் பல குடும்பங்களில் வீட்டுமொழியாக உள்ள தெலுங்கும் அதனை ‘அம்மவாரு’ என்றே வழங்குகிறது.

இதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது எளிது; வரலாறு அதற்கு இடந்தரவில்லை. பெரியம்மைக்கு எதிராகப் பசு அம்மைப் பாலைக் குத்தும் முறை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்திற்கு வந்தது. திருக்குறளுக்கு உரை எழுதிய எல்லிஸ், அம்முறையை மக்கள் ஏற்கும் பொருட்டுச் சக்தியும் தன்வந்திரியும் உரையாடுவதாக ஒரு பனுவலைப் படைத்தார். ஏமாற்று எனச் சிலர் குறைகூறும் அம்முயற்சியைவிட, மக்கள் தாமே ஆக்கிக்கொண்ட ‘அம்மை குத்துதல்’ என்னும் தொடரே நீண்டகாலம் நிலைத்தது. தெய்வத்தின் பெயரும் ஊசியின் வினையும் பகையின்றி ஒரே தொடரில் இருந்துவிட்டன. பெரியம்மை மறைந்த பின்னும் மூத்தோர் கையிலுள்ள தழும்பு ‘அம்மை குத்திய தழும்பு’தான்.

உண்மையான இடர் வேறு. அம்மை என்பது பொதுப்பெயர். மணல்வாரி எனவும் வழங்கும் தட்டம்மை, சின்னம்மை, ரூபெல்லா என வெவ்வேறு நோய்கள் அதில் அடங்குகின்றன. அரசின் அட்டவணையில் உள்ளது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் உரிய ஊசி. சின்னம்மைக்கான ஊசி அதில் இல்லை. ‘அம்மைத் தடுப்பூசி’ என்று ஒரு பக்கம் சுருக்கி எழுதி, ஊசி போட்ட குழந்தைக்குச் சில ஆண்டுகளில் சின்னம்மை கண்டால், ‘ஊசி போட்டும் அம்மை வந்துவிட்டதே’ என்ற முடிவுக்கே குடும்பம் வரும். அம்முடிவு அடுத்த குழந்தையின் ஊசியைப் பாதிக்கும். மஞ்சள் காமாலை என்னும் பெயரும் இத்தகையதே. பிறந்த 24 மணி நேரத்திற்குள் போடப்படும் ஊசி கல்லீரல் அழற்சி-பி ஒன்றையே தடுப்பது. பிற காரணங்களால் வரும் காமாலைக்கு அது பொறுப்பாகாது.

‘தடுப்பூசி’ என்னும் சொல்லும் முற்றும் பொருந்துவதன்று. வாய்வழி தரும் போலியோ, ரோட்டா சொட்டுகளும் தடுப்பூசி அட்டவணையில்தான் உள்ளன. ஆனால் இது வழுவமைதியாக ஏற்கத்தக்கது. எவரும் இதனால் ஊசியையோ சொட்டையோ தவறவிடுவதில்லை. எல்லாப் பிறழ்ச்சியையும் திருத்தப் புகுவது ஆய்வாளரின் ஆசையேயன்றிப் பெற்றோரின் தேவை அன்று.

கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் கரிசல் வழக்குச் சொற்களை அகராதியாகத் தொகுத்து 1982இல் வெளியிட்டார். இலக்கியத்திற்காகத் தொகுக்கப்பட்ட அத்தகைய அகராதிகளை நலவாழ்வுப் பனுவல் எழுதுவோர் பயன்கொள்ளும் நிலை உருவாகவில்லை. தமிழ்த் துறைகள் செய்யக்கூடிய பணி இது. மருத்துவத் துறையிடம் எதிர்பார்க்கக்கூடியது அன்று.

6. வினாவும் விடையும்

பெற்றோர் கேட்கும் வினா ‘பிள்ளைக்குச் சளி இருக்கிறதே, ஊசி போடலாமா?’ என்பது. ‘போடலாம்’ என்பது விடை. ‘லாம்’ என்னும் ஈறு இசைவையும் இயலுமையையும் ஐயத்தையும் ஒருங்கே சுட்டுவது. மருத்துவர் ‘தடையில்லை, போட்டேயாக வேண்டும்’ என்னும் கருத்தில் சொல்வதை, ‘விருப்பமானால் போடுங்கள்’ எனத் தாய் கொள்ள முழு உரிமை உண்டு. அதே பக்கத்தில் ‘காய்ச்சல் வரலாம்’ என்றும் இருந்தால், ஒரே ஈறு ஓரிடத்தில் அழைக்கிறது, மற்றோரிடத்தில் அச்சுறுத்துகிறது. ‘சளிக்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். சளி இருப்பதைச் செவிலியரிடம் சொல்லுங்கள்’ என்னும் விடையில் இம்மயக்கம் இல்லை.

பிறந்ததும் போடும் காசநோய்த் தடுப்பூசியின் இடத்தில் சில வாரங்களில் சிறு கட்டி தோன்றிப் புண்ணாகித் தழும்பாகும். அது இயல்பு. ஆனால் ‘பக்க விளைவுகள் அரிது’ என்ற விடை, ‘கையில் புண் வந்திருக்கிறது, என்ன செய்ய?’ என்ற வினாவுக்கு விடையாகாது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பதால் எழும் வினாவும் இப்படித்தான் விடுபடுகிறது. விளாத்திகுளத்தில் தொடங்கிய தவணையைக் கணவர் ஊரான சிவகாசியில் தொடர முடியுமா? அட்டையைக் கொண்டுசென்றால் முடியும். ‘அருகிலுள்ள அரசு மருத்துவமனையை அணுகவும்’ என்னும் தொடர் இதற்கு விடை சொல்லாமலே விடை சொன்னதுபோல் தோற்றமளிக்கிறது.

வினா எழுத்தில் அமையும் வடிவமும் கருதத்தக்கது. ‘9 மாச ஊசி போட்டா காய்ச்சல் வருமா’ என்று கைப்பேசியில் குரலால் கேட்பவருக்கு, ‘தட்டம்மைத் தடுப்பூசி செலுத்தியபின் ஏற்படும் எதிர்வினைகள்’ என்னும் தலைப்பு எளிதில் அகப்படாது. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்ற பின்னும், பழைய எழுத்துருவில் அச்சிட்டுப் படமாக ஏற்றப்பட்ட பக்கங்கள் தேடலுக்கும் புலப்படுவதில்லை, பார்வைக் குறையுடையோருக்காக வாசிக்கும் செயலிக்கும் எட்டுவதில்லை.

மேற்கூறியவற்றைக் கருதி, ஒன்பது மாதத் தவணைக்கு ஒரு மாதிரிப் பனுவல் பின்வருமாறு அமையலாம்:

‘உங்கள் குழந்தைக்கு டிசம்பர் 12 அன்று ஒன்பது மாதம் நிறைகிறது. அன்றோ, அதன்பின் வரும் முதல் புதன்கிழமையோ குழந்தையையும் அட்டையையும் கொண்டு வாருங்கள். மணல்வாரி என்னும் தட்டம்மையும் ரூபெல்லாவும் வராமல் தடுக்கும் ஊசியின் முதல் தவணை இது. சின்னம்மைக்கான ஊசி அன்று. ஊசி போட்டபின் சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் வரும். ஓரிரு நாளில் தணியும். காய்ச்சல் கடுமையாக இருந்தாலோ குழந்தை சோர்ந்துபோனாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தப் புதன் வர முடியாவிட்டால் அடுத்து எந்தப் புதன் முடியுமோ அன்று வாருங்கள். குழந்தைக்கு ஐந்து வயது ஆகும்வரை இந்த ஊசி போடப்படும், ஆனால் தாமதிக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தை பாதுகாப்பின்றி இருக்கிறது.’

இப்பனுவல் எழுத்து வழக்கிலேயே உள்ளது. கரிசல் பேச்சு வழக்கில் எழுதுவது நெருக்கத்தைத் தரும் எனினும், அரசின் ஆவணத்தில் அது கேலியாகவும் கொள்ளப்படலாம். குரல்வழிச் செய்தியில் அக்குறை எழாது. ‘மணல்வாரி’ என்னும் சொல் எல்லா ஊரிலும் ஒரே நோயைக் குறிப்பதாகக் கொள்ளவும் இயலாது. ஆகவே அவ்விடத்தை வெறுமையாக விட்டு, அந்தந்தத் துணை சுகாதார நிலையத்தின் கிராம சுகாதார செவிலியர் தம் ஊரில் வழங்கும் பெயரை இட்டு நிரப்பிக்கொள்ளும் வகையில் பனுவலை அமைப்பதே பொருந்தும். ஒவ்வோர் ஊரிலும் எந்தக் காய்ச்சலை எந்தப் பெயரால் அழைக்கிறார்கள் என்பதை அகராதிக்கு முன்பே அறிந்திருப்பவர் அவர்.